இருபத்து மூன்றாவது தீர்த்தம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கோபுரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். குளத்தைப் பற்றி எழுதுகிறார்கள். இட்லிக்குக் கொடுத்த மூன்று வகைச் சட்னியைப் பற்றி முழுசாக ஒரு பக்கம் எழுதுகிறார்கள். கழிப்பறை எங்கே இருந்தது என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை. இவர்களில் யாரும் இரண்டேகால் வயசுப் பையனை அழைத்துக்கொண்டு வெளியூர் போனதில்லை என்பது என் தீர்மானம்.

அப்படி ஒரு வாண்டுவோடு கிளம்பிப் பாருங்கள் சார், தேசப்படமே மாறிவிடும்! செங்கல்பட்டு என்பது ஏரி அல்ல, ஒரு ஜட்டி. விழுப்புரம் என்பது ஜங்ஷன் அல்ல; இரண்டாவது ஜட்டியும் ஒரு டிராயரும். நாங்கள் ராமேஸ்வரம் போனது அந்தக் கணக்கில்தான்.

கோஷ்டி விவரம்: நான், மனைவி, மேற்படி வாண்டு, என் அப்பா. அப்பாவுக்கு எழுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். கொஞ்ச நாளாகவே எங்கே கூப்பிட்டாலும், "எனக்கு எதுக்குடா ஊரும் கோயிலும்? டி.வி.யில காட்டறான், பாத்துக்கறேன்" என்று ஒதுங்கிவிடுவார். ராமேஸ்வரம் என் அம்மாவின் ஆசை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்; ஆசை பாக்கி நின்றது. கடைசியில் பேரன் விரலைப் பிடித்து, "தாத்தா, ரயிலு!" என்று இழுத்ததில்தான் மனுஷர் மசிந்தார்.

டிக்கெட் எடுத்து முடித்த பிறகு மனைவி ஒரு குண்டைப் போட்டாள். "ஏங்க, பகல்ல அவனுக்கு டயாப்பர் கிடையாது. பன்னண்டு நாளா பழக்கறேன். ரயில்ல மாட்டிவிட்டா பட்ட பாடெல்லாம் வீண்."

பிரம்மச்சாரி வாசகர்களுக்கு ஒரு விளக்கம். 'பழக்குவது' என்றால், பையன் தனக்கு 'வருகிறது' என்பதை நம்மிடம் சொல்லி, வந்தபின் அல்ல, வருவதற்கு முன் சொல்லி, உரிய இடத்தில் உட்கார வைப்பது. கேட்க எளிது. பெரிய கம்பெனிகளில் மேனேஜர்களுக்கே பிரச்னை வந்தபிறகுதான் தெரிகிறது. இவனுக்கு இரண்டேகால் வயசு!

எங்கள் குழந்தை டாக்டர் இதை அழகாகச் சொன்னார். காலண்டரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். பகலில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் ஈரமில்லாமல் இருக்கிறானா? சொன்ன சின்னச் சின்ன வேலைகளைச் செய்கிறானா? டிராயரைத் தானே இழுத்து இறக்குகிறானா? இருந்தால் ஆரம்பிக்கலாம். பல குழந்தைகளுக்கு இந்த அடையாளங்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு வயசுக்குள் தலைகாட்டும்; சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. பயந்தால் பிள்ளை அடக்கிவைத்துக்கொள்ளும், அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும். இந்தச் சக்கரத்தில் மாட்டினால் மீள்வது கஷ்டம்.

"ராத்திரி சமாசாரம் தனி" என்றார். "அது நீங்க கத்துக்கொடுத்து வர்றதில்லை. உடம்பு வளரும்போது தானா வரும். அஞ்சு வயசு வரைக்கும்கூடப் படுக்கை நனையலாம். ராத்திரி டயாப்பர் போடுங்க, தப்பில்லை."

ஆக ஒப்பந்தம் கையெழுத்தானது. பகலில் ஜட்டி, இரவில் டயாப்பர். கூடவே மஞ்சள் நிறத்தில் வாத்து முகம் போட்ட ஒரு பிளாஸ்டிக் ஆசனம். அதற்குக் கடைக்காரர் சொன்ன பெயர் 'பாட்டி'. எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

தாம்பரம் பிளாட்பாரத்தில் ஏறி, ஸ்லீப்பர் கோச்சில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பதற்றமாகக் கேட்டாள்: "ஏங்க, பாட்டியை எங்க வெச்சீங்க?"

"சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன்."

"படுக்க வெச்சீங்களா, நிமிர்த்தி வெச்சீங்களா?"

"தலைகீழா."

எதிர் சீட்டில் ஒரு இளைஞர். லேப்டாப் பை, காதில் ஒயர், பரமக்குடிக்குப் போகிறவர். ஒயரைக் கழற்றிவிட்டு மெதுவாகக் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். வாத்தைக் கண்டபின்தான் அவருக்கு மூச்சு வந்தது.

ரயில் கழிப்பறைக்கு ஒரு சரித்திரமே உண்டு. நம் நாட்டில் முதல் பயணி ரயில் ஓடியது 1853-ல். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை என்ற பேச்சே இல்லை. 1909-ல் வங்காளத்தில் ஓகில் சந்திர சென் என்று ஒரு பயணி. பலாப்பழத்தை ஒரு கை பார்த்துவிட்டு ரயிலேறியவருக்கு வயிறு பிசைந்தது. அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியவர் உட்கார்ந்துகூட முடிக்கவில்லை, கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி, ஓடினார், விழுந்தார். பிளாட்பாரத்தில் இருந்த ஆண் பெண் அத்தனை பேருக்கும் தரிசனம்! பொங்கி எழுந்து ரயில்வேக்கு ஒரு புகார் கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் கழிப்பறை வந்தது என்பார்கள். அந்தக் கடிதம் டில்லி ரயில் மியூசியத்தின் பிரபலமான சமாசாரம். மகாகாவியங்களைவிட மனித குலத்துக்கு அதிகம் உபகாரம் செய்த எழுத்து என்று அதைச் சொல்வேன்.

ஆனால் ஓகில் பாபு போராடி வாங்கிக்கொடுத்த அந்த அறைக்குள் நம் வாண்டு காலை வைக்க மாட்டேன் என்றான். தடதட சத்தம், ஆட்டம், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. தானும் அதற்குள் போய்விடுவோம் என்று பயம். இந்தப் பயம் அந்த வயசில் சகஜமாம். விஞ்ஞானம் பேசிப் பிரயோசனமில்லை. வாத்து எதற்கு இருக்கிறது?

செங்கல்பட்டில் முதல் ஜட்டி. அது வெறும் மூச்சா. விழுப்புரம் நெருங்கும்போதுதான் பெரிய விஷயம். இட்லி இரண்டு சாப்பிட்டான். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொண்டு, பழைய சரக்கை வெளியே தள்ளப் பார்க்கும். சாப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிஷத்தில் உட்கார வைக்கச் சொல்வது அதனால்தான். நாங்கள் பதினாறாவது நிமிஷத்தில் வாத்தை எடுத்தோம். அவன் பதினைந்தில் முடித்திருந்தான்.

வாசனை எட்டாவது பெர்த்தைத் தாண்டியிருக்கும். சைடு லோயர்காரர் ஜன்னலைத் திறந்தார். பரமக்குடி இளைஞர் எழுந்தார். சரி, கதவோரம் போய் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். பையைத் திறந்து ஒரு முழு நியூஸ்பேப்பரை எடுத்து நீட்டினார். "எங்க அக்கா பையன் வீட்ல இப்படித்தான் சார்" என்றார். அந்த மனுஷருக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும்.

சுத்தம் செய்வதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஈரம் என்றால் முதலில் பேப்பரோ காய்ந்த துணியோ வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். பிறகுதான் தண்ணீரும் சோப்பும். வீட்டில் வாடை போக கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீர் போதும். தரையில் மூத்திரம் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் நெஞ்சைப் பிடிக்கிற விஷப் புகை கிளம்பும். துணியில் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். மறக்காமல் இருவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பையன் கையையும் சேர்த்து, ஏனென்றால் அவனும் 'உதவி' செய்திருப்பான்.

ஒன்பது மணிக்கு டயாப்பர் மாட்டினோம். "நா தாத்தா கிட்ட" என்று அப்பாவின் லோயர் பெர்த்தில் புகுந்துகொண்டான். அப்பா பெட்ஷீட்டை விரித்து, அவனை உள்பக்கம் போட்டு, தான் ஓரத்தில் படுத்துக்கொண்டார்.

எனக்கு முழிப்பு வந்தபோது மானாமதுரை தாண்டியிருந்தது. வெளியே லேசாக வெளுப்பு. கீழே பார்த்தால் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பெட்ஷீட்டைச் சுருட்டி மடிமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறங்கினேன். "என்னப்பா?"

"பையன் ஈரம் பண்ணிட்டான்டா" என்றார். மெதுவாக.

பையனைத் தூக்கி மேலே கிடத்தி டயாப்பரைக் கழற்றினேன். காய்ந்து கிடந்தது. பொரிக்காத அப்பளம் மாதிரி!

யோசித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நனைக்காமல் இருந்திருக்கிறான் என் பிள்ளை. முதல் தடவை! வீட்டில் என்றால் பாயசம் வைத்திருப்போம். மனைவி காலண்டரில் ஸ்டார் ஒட்டியிருப்பாள். பம்பாய் சித்தப்பாவுக்குப் போன் போயிருக்கும். நான் அந்த டயாப்பரைச் சட்டென்று உருட்டி, கவருக்குள் திணித்து முடிச்சுப் போட்டேன்.

மனைவி கண் விழித்தாள். "லீக்காயிடுச்சா?"

"ஆமா. ரொம்ப."

என்னைப் பார்த்தாள். மாமனாரைப் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து, "மாமா, உங்களையும் நனைச்சிட்டான் போலிருக்கு. இந்தாங்க, மாத்திக்குங்க" என்று சலவை வேட்டி ஒன்றை நீட்டினாள். அது பையின் மேலாகவே இருந்தது. ஆறு ஜட்டிக்கும் மேலே.

அப்பா வேட்டியோடு போனதும் கேட்டேன். "இதை எப்படி மேலயே வெச்சே?"

"ரெண்டு மாசமா மாமா அவர் துணியை அவரே துவைச்சுக்கறார். ஏன்னு நினைச்சீங்க?"

பெட்டி முழுக்க அவள் குரல் கேட்காத அளவுக்குச் சொன்னாள். ரெக்ஸின் பெர்த்தை நான் துடைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. பக்கத்து சீட் அம்மாள், "குழந்தைன்னா அப்படித்தான்" என்று சிரித்தார். சம்பந்தப்பட்ட குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தன் மேல் பழி விழுந்தது தெரியாமல்!

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல். மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள 114 கிலோமீட்டர்தான் நாட்டின் முதல் 'பசுமை ரயில் பாதை'. 2016-ல் அறிவித்தார்கள். அதாவது அந்தப் பாதையில் ஓடும் எந்த ரயிலிலிருந்தும் தண்டவாளத்தில் ஒன்றும் விழாது. பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி, அதற்குள் பாக்டீரியாக்கள், வருவதைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடும். அந்த ஜீவன்களுக்குப் பிளாஸ்டிக் ஜீரணமாகாது. ஆகவே டயாப்பரைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். கவரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். என் கவரும் அங்கேதான் போயிற்று, ரகசியத்தோடு.

மண்டபம் தாண்டி ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகும். இரண்டு பக்கமும் கடல், காலை வெயில், உப்புக் காற்று. பெட்டி மொத்தமும் செல்போனை நீட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரல். "தாத்தா... மூச்சா!"

பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக வருவதற்கு முன்னால் சொல்கிறான்! நான் சீட்டுக்கு அடியில் பாய்ந்தேன். மனைவி டிராயரை இழுத்தாள். அப்பா வாத்தைப் பிடித்துக்கொண்டார். கடலுக்கு நடுவே, நூறு வருஷச் சரித்திரத்துக்கு வாரிசான பாலத்தின்மீது, என் பிள்ளை உரிய இடத்தில் காரியத்தை முடித்தான். பக்கத்து சீட் அம்மாள் கை தட்டினார். நாங்கள் பாலத்தைப் பார்க்கவில்லை. வாத்தைத்தான் பார்த்தோம்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஒன்றைக் கவனித்தேன். ஊரில் பாதிப் பேர் நனைந்திருக்கிறார்கள்! அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முங்கிவிட்டு, சொட்டச் சொட்ட ரோட்டைக் கடந்து கோயிலுக்குள் போகிறார்கள். உள்ளே 22 தீர்த்தம். கிணற்றுக்குக் கிணறு ஆள் நின்று வாளியால் இறைத்துத் தலையில் கொட்டுகிறார். கலெக்டரோ, கண்டக்டரோ, எல்லோரும் நனைந்த கோழிதான். அப்புறம் ஈரத் துணியோடு சன்னதிக்குப் போகக் கூடாது என்பதால் எல்லார் கையிலும் மாற்றுத் துணிப் பை. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் தூண்கள் வரிசை கட்டி நிற்கிற அந்தப் பிரகாரத்தில் ஈர வேட்டியோடு நடக்கிற எந்த மனுஷரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பா அன்றைக்கு 22 கிணற்றையும் விடவில்லை. வாண்டுவோடு மனைவி வெளியே நிற்க, நான் அவர் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாளிக்கும் "இன்னும் ஒண்ணு ஊத்துப்பா" என்றார். முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசி வாளிக்கு அம்மாவின் பேரைச் சொல்லிக்கொண்டார். உலர்ந்த வேட்டி கட்டித் தரிசனம் முடித்து வெளியே வந்தவர், சின்னப் பையன் மாதிரி தலையைத் துவட்டிக்கொண்டு, "டேய், காபி" என்றார். பல மாசமாக அவர் வெளியில் காபி கேட்டதில்லை. தண்ணீரையே குறைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆட்டோவில் தனுஷ்கோடி. பேரன் தாத்தா மடியில். வழியில் சவுக்குத் தோப்பு, இரண்டு பக்கமும் மணல். திடீரென்று அப்பா, "ஹா!" என்றார். வேட்டியில் வெதுவெதுப்பாகப் பரவுகிறது.

"ஐயோ மாமா!" என்றாள் மனைவி.

அப்பா சிரித்தார். "காலைல 22 ஆச்சு. இது இருபத்து மூணாவது தீர்த்தம்!"

ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்ததில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச்சுச் சுவர் நிற்கிறது. ரயில்வே கட்டடங்களின் மிச்சம் நிற்கிறது. ஒரு பயணி ரயிலையே ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் கொண்டுபோன ஊர். மனைவி வாண்டுவைத் தண்ணீர் ஓரம் அழைத்துப் போனாள். அப்பாவும் நானும் இடிந்த சுவர் பக்கம் நின்றோம். காற்று வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்தது.

"ராத்திரி... அது அவன் இல்லடா" என்றார்.

"தெரியும்ப்பா. டயாப்பர் காஞ்சிருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எத்தனை நாளா?"

"தை மாசத்துலேர்ந்து. வர்றது தெரியும். எழுந்து போறதுக்குள்ள..." நிறுத்தினார். "அதான் எங்கயும் வர்றதில்லை."

"டாக்டர்கிட்ட போலாம்ப்பா."

"இதைப் போய் எப்படிடா சொல்றது?"

"அவன் ரயில்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னானே!"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தூரத்தில் அலையைத் துரத்துகிற பேரனைப் பார்த்தார். "அவன் தைரியசாலிடா" என்றார்.

சென்னை திரும்பிய வாரமே போனோம். டாக்டர் அப்பாவை ஆச்சரியமாகக்கூடப் பார்க்கவில்லை. புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டி அறுபதுக்குள் இருக்கிற ஆண்களிலேயே பாதிப் பேருக்கு இது உண்டு, எண்பதுக்கு மேல் பத்துக்கு ஒன்பது பேர் வரைக்கும் என்றார். ரத்தம், ஸ்கேன் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். பயந்துகொண்டு தண்ணீரையே குடிக்காமல் இருக்க வேண்டாம், படுக்கப்போகும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், மாலைக்கு மேல் காபி வேண்டாம் என்றார். மாத்திரை வேலை செய்கிறது. முழுசாக அல்ல, ஆனால் மனுஷர் போன மாதம் தனியாகக் கும்பகோணம் கல்யாணத்துக்குப் போய்வந்தார். பஸ்ஸில் இல்லை, ரயிலில். கழிப்பறைக்குப் பக்கத்து பெர்த்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டு!

பிரம்மச்சாரி வாசகர்களே, அடுத்த தடவை உங்கள் எதிர் சீட்டில் ஒரு வாண்டு விபத்து செய்தால் மூக்கைப் பிடிக்காதீர்கள், பேப்பரை நீட்டுங்கள். வீட்டில் பெரியவர் யாராவது, "எனக்கு எதுக்குப்பா ஊரெல்லாம்?" என்று ஒதுங்கினால், ஊர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, போகிற இடத்தில் பாத்ரூம் வசதி எப்படி என்று நீங்களாகவே பேச்செடுங்கள். டிக்கெட் எடுப்பது அப்புறம்.